கூடையில் போட்ட கொசு

நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி என்கிற இடத்தில் முப்பத்து மூன்று எடுப்பது ஒரு தனிச் சிரமம். இருபது எடுத்தவரிடம் ஊர் அனுதாபம் காட்டிவிட்டுப் போய்விடும். முப்பத்து மூன்று எடுத்தவரிடம் நின்று யோசனை சொல்லும். ஆஸ்பத்திரியில் மடிப்பக்காவுக்கு யோசனை சொல்லாமல் விட்டவர்கள், மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர்கள் மட்டுமே.

அவள் சலவைப் பிரிவில் இருந்தாள். வெளுத்துக் காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது வேலை. பெயரும் அதில் வந்ததுதான். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கும் பட்டியல் கடைசியாக வந்தது, அவள் வேலைக்குச் சேர்ந்த மாதத்துக்கு முந்தின மாதம். அதற்கப்புறம் இப்போதுதான் வருகிறது. பெயர் ஏற வேண்டுமானால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். இன்று புதன்.

தனித்தேர்வராக எழுதியிருந்தாள். கணக்கில் எண்பத்தெட்டு. அது அவள் மாமியாரின் காய்கறிக் கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றதன் பலன். அறிவியல், வரலாறு எல்லாம் ஐம்பதுக்குக் குறையவில்லை. பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்த பாஷையில்தான் முப்பத்து மூன்று.

மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போட்டாள். புதன்கிழமை நேரில் வந்து விடைத்தாளைப் பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. அன்று காலையில் மாமியார் கடையைத் திறக்கவில்லை.

“நீங்க எதுக்கு அத்தை? நான் போய் பார்த்துட்டு வந்துடறேன்.”

“நீ போனா சொன்ன வெலைய குடுத்துட்டு வந்துடுவ. போன மாசம் குடை வாங்கினியே, மறந்துட்டியா?”

“இது மார்க்கு அத்தை. குடை இல்ல.”

“எதிர்ல ஒருத்தன் மேசை போட்டு உக்காந்துட்டான்னா எல்லாம் ஒண்ணுதான்.”

தேர்வு அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், காற்றாடி சுற்றுவதாகச் சத்தம் மட்டும் கொடுத்த ஓர் அறையில், எதிரில் இரண்டு பேர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கண்காணிப்பாளர், ஓய்வுபெற ஐந்து மாதம் இருந்தது. மேசைமேல் எந்தக் காகிதத்தை வைத்தாலும், அதற்கு ஆயுள் ஐந்து மாதத்துக்கு மேலா கீழா என்று பார்த்துவிட்டுத்தான் தொடுவார். மற்றவர் மொழிப்பாட நிபுணர். அந்தப் பாடத்துக்கு விளக்கவுரை எழுதியவர், விடைக்குறிப்பு எழுதியவர், தலைமைத் திருத்துநர் எல்லாம் அவரே. மாணவர்களிடையே அவருக்குக் கொசு வாத்தியார் என்று பெயர். காரணம் ஒரு கவிதை.

நகரத்து ஏழைகளைப் பற்றிய பழைய கவிதை அது. கவிஞர் காலமாகி அரை நூற்றாண்டு ஆகிறது. பாடநூலில் நான்கு வரிகள் மனப்பாடப் பகுதி:

ஆலையை விற்றார், ஆற்றை விற்றார்,
சாலை மரத்தின் நிழலையும் விற்றார்;
பேரம் முடிந்து பெரியவர் சிரிக்கையில்
கொசுவாய் எங்களைக் கூடையில் போட்டார்.

இந்தக் கடைசி வரிக்கு நிபுணர் பன்னிரண்டு பக்கம் உரை எழுதியிருந்தார். கொசு அற்பமானது, அடிபட்டுச் சாவது, ஆனாலும் ஓயாமல் ஒலிப்பது. ஆகவே அது உழைக்கும் மக்களின் உருவகம் என்பது அவர் கட்சி. ‘கொசு வாய்’ என்று பிரிக்க வேண்டும், அது இரத்தம் உறிஞ்சும் முதலாளியின் வாய் என்பது எதிர்க்கட்சி. எதிர்க்கட்சித் தலைவர் பக்கத்து நகரத்தில் ஒரு பேராசிரியர். ஒன்பது வருஷமாக ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை.

மடிப்பக்கா அந்தக் கவிதையை ஒரு தாளில் எழுதி மடிக்கும் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டி, நாளைக்கு முந்நூறு விரிப்புகளுக்கு ஒரு வரி வீதம் மனப்பாடம் செய்திருந்தாள். தேர்வில் எழுதியபோது கடைசி வரியைக் ‘கொசுறாய் எங்களைக் கூடையில் போட்டார்’ என்று எழுதினாள். மனப்பாடத்துக்கு இருந்த இரண்டு மதிப்பெண் போயிற்று. அடுத்து ‘இக்கவிதையின் நயம் பாராட்டுக’ என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கும் அதே கொசுறைப் பிடித்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தின் முதல் வரியில் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு. கீழே பூஜ்யம்.

“மறந்து போச்சாம்மா?” என்றார் நிபுணர், இதமாகவே.

“மறக்கல சார். புத்தகத்துல அச்சு தப்பா இருந்துச்சு. நான் சரி பண்ணி எழுதினேன்.”

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். தேர்வு எழுத வந்தவர்கள் பாடநூலைத் திருத்திவிட்டுப் போவதற்கு அந்த அலுவலகத்தில் படிவம் கிடையாது.

“எப்படி தப்புன்னு தெரிஞ்சுது?” என்றார் நிபுணர்.

“மேல வரில பேரம் முடிஞ்சுதுன்னு இருக்கு. கீழ கூடை இருக்கு. நடுவுல என்ன சார் வரும்?”

“கொசு வரும்னு கவிஞர் நினைச்சிருக்காரே!”

“கொசுவ எவன் சார் கூடையில போடுவான்?” என்றாள் மாமியார். அவளுக்கு யாரும் நாற்காலி சொல்லவில்லை. அவளாகவே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். “அத புடிக்கறதுக்கே ரெண்டு கையும் வேணும். கூடைய யாரு தூக்கறது?”

“அம்மா, அதுதான் அந்த வரியோட முரண். கூடைங்கறது இங்க கூடை இல்ல. வலை. ஓட்டை ஓட்டையா பின்னியிருக்கறதால...”

“ஓட்டை இருந்தா கொசு வெளிய போயிடுமே.”

“போயிடும். போகாம இருக்கு. அந்தச் சோகத்தத்தான் நாலாவது பக்கத்துல விளக்கியிருக்கேன்.”

மாமியார் நிபுணரைப் பார்த்தாள். அழுகிய தக்காளியை அடியில் வைத்து அடுக்கியவனைப் பார்க்கும் பார்வை. அதில் கோபம் இல்லை. தொழில் தெரிந்தவன் என்கிற மரியாதைதான் இருந்தது.

“சார், ஏழு மார்க்கு இதுல போயிருக்கு,” என்றாள். “ஏழையும் குடுத்துடுங்க. எங்களுக்கும் வேலை இருக்கு.”

“ஏழா? வாய்ப்பே இல்ல. வேணும்னா கையெழுத்து நல்லா இருக்குன்னு அரை மார்க்கு போடலாம்,” என்றார் நிபுணர்.

“அரையா! அரைய வெச்சு என்ன பண்றது? அஞ்சரைன்னு சொல்லுங்க, யோசிக்கறேன்.”

“அத்தை...”

“நீ சும்மா இரும்மா. பெரியவங்க பேசிட்டிருக்கோம்.”

“முக்கால்,” என்று நிபுணர் சொன்னார். சொன்ன பிறகுதான் தாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. முப்பது வருஷ ஆசிரியர் வாழ்க்கையில் மதிப்பெண்ணைக் கூறு கட்டி விற்றதில்லை. காதோரம் சிவந்தது. “இது சந்தை இல்லம்மா. கவிஞர் கைப்பட எழுதிக் குடுத்து, அவர் இருக்கும்போதே அச்சான முதல் பதிப்பு என்கிட்ட இருக்கு. விளக்கவுரைல அடிக்குறிப்பு போட்டிருக்கேன். பாத்துடலாமா?”

“பாத்துடலாம்,” என்றாள் மடிப்பக்கா.

அவர் அதைக் கொண்டுவந்தே இருந்தார். பையிலிருந்து எடுத்து, சுற்றியிருந்த துணியைப் பிரித்து மேசையில் வைத்தார். தாள் பழுப்பேறி, ஓரங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. வீட்டில் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பது. வருகிறவர்களுக்கெல்லாம் புத்தகத்தின் முதுகைக் காட்டியிருக்கிறார், உள்ளே காட்டியதில்லை. பக்கத்தைக் கண்டுபிடித்து, நகம் படாமல் விரலை வரியின்கீழ் ஓட்டி, வகுப்பில் வாசிக்கும் குரலில் வாசித்தார்:

“கொசுவாய் எங்களைக்...”

மாமியார் எட்டிப் பார்த்தாள். அவள் படித்தது மூன்றாம் வகுப்புவரை. அதற்கப்புறம் அரசாங்கம் சில எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அவள் மாறவில்லை. இன்றைக்கும் கடைப்பலகையில் பழைய எழுத்தில்தான் எழுதுவாள். வாடிக்கைக்காரர்கள் அதை வாசிக்க முடியாமல் வாய்விட்டுக் கேட்பார்கள், பேச்சு ஆரம்பித்துவிடும், வியாபாரம் ஆகிவிடும்.

“சார், அது ‘வா’ இல்ல. ‘றா’.”

“எது?”

“கால் தனியா நிக்காம, எழுத்தோடயே சேத்து கீழ சுழிச்சிருக்கு பாருங்க. எங்க டீச்சர் இத எழுதலன்னா முட்டி போட வெப்பாங்க. றா. கொசுறாய்.”

நிபுணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு கழற்றிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். தாளைக் கிட்டே கொண்டுவந்தார். அந்த வரியை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். ஆனால் தெரிந்த வரியைப் பார்ப்பதற்குக் கண் தேவைப்படுவதில்லை. எப்போதோ புது எழுத்தில் மறுபதிப்புக்கு அச்சுக் கோத்த யாரோ ஓர் ஆள், தெரியாத எழுத்து வந்ததும் தெரிந்த பிராணியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். அது பாடநூலுக்கு வந்து, பன்னிரண்டு பக்கம் குட்டி போட்டு, இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒன்பது வருஷக் கல்யாணங்களைக் கெடுத்திருக்கிறது.

காற்றாடி தன்னால் ஆன சத்தத்தைப் போட்டது.

முதலில் தெளிந்தவர் கண்காணிப்பாளர். “இந்தப் புத்தகத்த மூடுங்க சார்,” என்றார். “மொதல்ல மூடுங்க. கொசுறுதான் சரின்னு எழுத்துல ஒத்துக்கிட்டா, இத்தனை வருஷமா கொசுன்னு எழுதினவங்க எல்லாரும் தப்பு. அவங்க டாக்டர் ஆயிட்டாங்க, ஜட்ஜ் ஆயிட்டாங்க. நானே கொசுன்னு எழுதித்தான் சார் பாஸ் பண்ணேன்.”

“அப்ப எங்களுக்கு?” என்றாள் மாமியார்.

“மனப்பாடத்துல கை வைக்க முடியாது. பாடநூல்ல என்ன இருக்கோ அதுதான் விடை. தப்பா இருந்தாலும் அத அப்படியே தப்பா எழுதறதுக்குப் பேருதான் மனப்பாடம்.” அவர் விடைத்தாளைத் தம் பக்கம் இழுத்தார். “நயம் பாராட்டல்ல வேணா பார்க்கலாம். அது சொந்தக் கருத்து. சொந்தக் கருத்துக்கு அரசாங்கம் பொறுப்பில்ல. சார், இந்த ஒன்றரைப் பக்கத்த நீங்க படிச்சீங்களா?”

நிபுணர் விடைத்தாளைப் பார்த்தார். குறுக்குக் கோடு முதல் வரியிலேயே இருந்தது. அதற்குக் கீழே சிவப்பு மையின் நடமாட்டம் இல்லை.

“படிங்க,” என்றார் கண்காணிப்பாளர்.

அவர் படித்தார். சத்தமாகத்தான் படித்தார், மனத்துக்குள் படிப்பது அந்த நேரத்தில் அவருக்குச் சிரமமாக இருந்திருக்க வேண்டும்.

“‘கொசுறு என்பது பேரம் முடிந்த பிறகு போடுவது. அது தராசில் ஏறாது. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் அதன் எடை தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் அத்தை கொசுறு போடும்போது சாயங்காலத்துக்குள் வாடப்போகிற கொத்தமல்லியைத்தான் போடுவார். நல்லதைப் போடமாட்டார்.’”

“இதெல்லாமா எழுதுவ?” என்றாள் மாமியார். வாடிக்கைக்காரர் யாராவது காதில் வாங்கிவிட்டார்களா என்பதுபோல் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

“‘இந்தக் கவிதையில் ஆலைக்கு விலை இருக்கிறது. ஆற்றுக்கு விலை இருக்கிறது. நிழலுக்குக்கூட விலை போட்டிருக்கிறார்கள். நிழலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் விலை போடவில்லை. எங்களை விற்றார்கள் என்று கவிஞர் எழுதவில்லை. விற்றிருந்தாலாவது யாராவது ஒருவர், என்ன விலை என்று கேட்டிருப்பார். ஆலை கைமாறும்போது ஆலையோடு அதில் வேலை செய்கிறவர்களும் கைமாறுகிறார்கள். பத்திரத்தில் இயந்திரத்தின் பெயர் இருக்கும், அவர்கள் பெயர் இருக்காது.

“‘ ‘பெரியவர் சிரிக்கையில்’ என்று எழுதியது ஏன் என்றால், கொசுறு போடும் நேரத்தில் இரண்டு பக்கமும் சிரிப்பார்கள். கொடுத்தவர், நான் தாராளமானவன் என்று சிரிப்பார். வாங்கியவர், எனக்கு லாபம் என்று சிரிப்பார். சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆவது அப்போதுதான். கொசுறு சிரிக்காது. வீட்டுக்குப் போய்க் கூடையைக் கவிழ்க்கும்போது கடைசியாக விழும். சில நாள் விழவே விழாது. கூடையின் மூலையில் ஒட்டிக்கொண்டு காய்ந்துவிடும்.

“‘இன்னும் எழுத இருக்கிறது. மணி அடித்துவிட்டார்கள்.’”

நிபுணர் தாளைக் கீழே வைத்தார். கொசுவைப் பற்றிய தம் பன்னிரண்டு பக்கத்தில் சிரிப்புக்கு ஒரு வரிகூட இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. ‘பெரியவர் சிரிக்கையில்’ என்பது ஓசைக்காக வந்த அடைமொழி என்று அடிக்குறிப்பில் ஒதுக்கியிருந்தார்.

சிவப்புப் பேனாவை எடுத்தார். பூஜ்யத்தை அடித்தார். பக்கத்தில் நான்கு என்று எழுதப் போனார்.

“சார், நில்லுங்க.” கண்காணிப்பாளர் எழுந்தேவிட்டார். “எத்தன போடப்போறீங்க?”

“நாலு. ஒரு மார்க்கு கொறச்சது, முடிவுரை இல்லாததால.”

“ரெண்டு வரைக்கும்தான் நான் இங்க கையெழுத்துப் போட்டு, இன்னிக்கே திருத்தின சான்றிதழ் குடுக்க முடியும். ரெண்டுக்கு மேல போனா மேல்மட்டக் குழுவுக்குப் போகணும். குழு அடுத்த மாசம் இருபதாம் தேதி கூடுது. கோரத்துக்கு ஆள் சேர்ந்தா.”

“போகட்டுமே! இது குழுவுக்குப் போக வேண்டிய விஷயம்தான். நானே வந்து பேசறேன். என் உரைய நானே திருப்பி வாங்கிக்கறேன்னு எழுதித் தரேன்.” நிபுணரின் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. மனிதர் இப்போது மனப்பூர்வமாக நியாயத்தின் பக்கம் வந்துவிட்டார். வந்தவரை யாராலும் நகர்த்த முடியாது போலிருந்தது. “நாலு மார்க்கு விடைக்கு ரெண்டு போட என் கை வராதும்மா.”

“எனக்கு ரெண்டு போதும் சார்,” என்றாள் மடிப்பக்கா.

“உங்களுக்குப் போதும். விடைக்குப் போதாதே.”

“பட்டியல் வெள்ளிக்கிழமை மூடறாங்க சார்.”

“நியாயம்னு ஒண்ணு...”

“அது இருபதாம் தேதிக்கு மேல வருது. எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். ரெண்டு போடுங்க.”

“மூணாவது போடறேனே?”

“ரெண்டு சார்.”

“ரெண்டே முக்கால்?”

“ரெண்டுக்கு மேல ஒரு புள்ளி வந்தாலும் குழுவாம். சார்தான் சொன்னாரே. ரெண்டு.”

மாமியார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நாற்பது வருஷம் சந்தையில் உட்கார்ந்தவள். விற்கிறவன் கூட்டித் தருகிறேன் என்று கெஞ்ச, வாங்குகிறவள் வேண்டாம் என்று மறுக்கும் பேரத்தை அவள் பார்த்ததில்லை. அவளுக்கு வேர்த்தது. “குடுக்கறவங்க குடுக்கறப்ப வாங்கிக்கயேன்மா,” என்றாள் கடைசியில், பலவீனமாக.

“அத்தை, நீங்க சும்மா இருங்க. பெரியவங்க பேசிட்டிருக்கோம்.”

நிபுணர் இரண்டு என்று எழுதினார். எழுதிவிட்டு அந்த எண்ணைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு அதற்குக் கீழே, விதிமுறையில் இடமில்லாத ஓரத்தில், ‘நன்று’ என்று பென்சிலால் எழுதினார். கண்காணிப்பாளர் அழிப்பானை எடுத்தார். நிபுணரின் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். ‘மதிப்பெண் கூடியதற்கான காரணம்’ என்ற கட்டத்தில் ‘விடை படிக்கப்படாமல் விடுபட்டது’ என்று நிரப்பினார். பணிக்காலத்தில் அந்தக் கட்டத்தில் அவர் எழுதிய உண்மைகளில் அதுவும் ஒன்று.

சான்றிதழ் கைக்கு வர மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. மடிப்பக்கா மாமியாரோடு நேராக ஆஸ்பத்திரி நிர்வாகப் பிரிவுக்குப் போனாள். அங்கே எழுத்தர் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரையைச் சோதித்தார். மொழிக்கு எதிரே முப்பத்தைந்தைப் பார்த்தார்.

“சரியா முப்பத்தஞ்சா?”

“சரியாத்தான் இருக்கு சார்.”

“கொஞ்சம் கூட எடுத்திருக்கக் கூடாதா? தாய்மொழிதானே?”

“எடுத்திருக்கலாம் சார். நேரமில்ல.”

எழுத்தர் பட்டியலைப் பிரித்து, பதினேழாவது வரிசை எண்ணில் அவள் பெயரை எழுதி, எதிரே கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். அவர் தேநீருக்கு எழுந்து போனார்.

வெளியே மரத்தடியில் நின்ற மாமியாரிடம் வந்து, “ஏறிடுச்சு அத்தை,” என்றாள்.

மாமியார் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மருமகளின் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். நடக்க ஆரம்பித்த பிறகு, பஸ் நிறுத்தம் வரைக்கும் பேசவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகும் பேசவில்லை. மூன்றாவது நிறுத்தத்தில் திரும்பி, வலியோடு கேட்டாள்:

“நாலு குடுத்தான். நாலு. எழுதவே ஆரம்பிச்சுட்டான். எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு?”